ஃபைல் போய்ச் சேர்ந்ததா?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெளியாகிற பல ஆய்விதழ்களுக்குப் பக்கம் கட்டிக் கொடுப்பது சென்னையிலும் புதுச்சேரியிலும் இருக்கிற நிறுவனங்கள்தான். லண்டனில் ஒரு மருத்துவர் எழுதிய கட்டுரை, அதன் எக்ஸ்ரே படங்கள், அட்டவணைகள் எல்லாம் ஒரே ஜிப் ஃபைலாகப் பதிப்பகத்தின் சர்வரில் வந்து விழும். அதை இங்கே இறக்கி, எடிட்டிங் முடித்து, எக்ஸ்எம்எல் ஆக்கி, பக்கம் கட்டி, ப்ரூஃபைத் திருப்பி ஏற்ற வேண்டும். ஆசிரியர் திருத்தம் போட்டதும் மறுபடி ஒரு சுற்று. அச்சேறுவதற்குள் ஒரு கட்டுரை கடலைப் பல தடவை தாண்டிவிடும். அந்தப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலையாக இருந்தது. பக்கம் கட்டுகிறவர்கள் மாடி மாடியாக உட்கார்ந்திருந்த கட்டடத்தில், சர்வர் அறையை ஒட்டி எங்களுக்கு ஒரு சின்ன அறை. இரவு பகல் எந்நேரமும் யாராவது ஒருவர் அங்கே இருப்போம். பிற்காலத்தில் பணப்பட்டுவாடாப் பட்டியல்கள், ஒரு தமிழ்ப் பதிப்பகத்தின் பழைய சேமிப்பு என்று ஃபைல்கள் மாறின. வேலை அதேதான்.

அந்த அறைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளோடு ஒரே உரையாடல் எனக்குத் திரும்பத் திரும்ப நடக்கும். விழுப்புரத்துப் பையன் ஒருவனோடு நைட் ஷிஃப்ட்டில் நடந்தது இது:

"அண்ணே, பதினாலு ஃபைலும் ஏறிடுச்சு. நூறு சதவீதம் காட்டுது."

"அந்தப் பக்கம் எத்தனை இருக்குன்னு பார்த்தியா தம்பி?"

"இல்லண்ணே. எர்ரர் எதுவும் வரல."

"எர்ரர் வரலன்னா நம்ம பக்கம் முடிஞ்சுதுன்னுதான் அர்த்தம். அங்க உள்ள போய் எண்ணிப் பாரு. சைஸைப் பாரு. ரெண்டு பக்கமும் செக்சம் எடுத்து ஒப்பிடு, ஒரு பைட் மாறினாலும் அந்த எண் மாறிடும். அதுக்கப்புறம் லாக்ல எழுது."

பதிவுத் தபால் அனுப்பிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தபால் நிலையத்தில் கொடுத்த ரசீது வேறு, பெற்றவர் கையெழுத்தோடு திரும்பி வருகிற ஒப்புகை அட்டை வேறு. நம் திரையில் தெரிகிற நூறு சதவீதம் வெறும் ரசீது. எதிர்ப்பக்கத்தில் டிஸ்க் நிறைந்திருக்கலாம். அங்கே ஓடுகிற வைரஸ் ஸ்கேனர் ஃபைலை எடுத்துத் தனியே ஒதுக்கியிருக்கலாம். நேற்று அதே பெயரில் வந்து இன்னும் யாரும் எடுக்காத ஃபைலின் மேல் இன்றைய ஃபைல் விழுந்து, நேற்றையது அழிந்திருக்கலாம். இவை எதற்கும் அனுப்புகிறவர் திரையில் சிவப்பு எழுத்து வராது. ஒரு ஃபைல் சேர்ந்தது என்பதற்குச் சாட்சி சேர்ந்த இடத்திலிருந்துதான் வர வேண்டும். இதை உறுதியாக நம்பியதால்தான் இந்தத் தொழிலில் என்னால் நிற்க முடிந்தது.

நாங்கள் தொடங்கிய காலத்தில் எல்லாமே எஃப்டிபி என்ற ஃபைல் அனுப்பும் நெறிமுறைதான். அதன் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர், அப்போது எம்ஐடியில் இருந்தார். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் எழுத்துகளை ஒவ்வொரு விதமாகச் சேமித்த காலம் அது. அதனால் அந்த நெறிமுறையில் எழுத்து ஃபைலை வழியிலேயே மாற்றிக் கொடுக்கிற ஒரு முறையும், இருப்பதை இருந்தபடியே அனுப்புகிற இன்னொரு முறையும் வைக்கப்பட்டன. முதலாவதை நாங்கள் ஆஸ்கி மோட் என்போம், மற்றதை பைனரி மோட். பழைய கமாண்ட்-லைன் நிரல்கள் பலவும், நாம் எதுவும் சொல்லாவிட்டால், ஆஸ்கியைத்தான் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் வரியின் முடிவை 13, 10 என்ற இரண்டு பைட்டுகளால் குறிக்கிறது. யூனிக்ஸில் 10 மட்டும். ஆஸ்கி மோடில் ஒரு படத்தை யூனிக்ஸிலிருந்து விண்டோஸுக்கு அனுப்பினால், படத்துக்குள் எங்கெல்லாம் 10 என்ற பைட் தற்செயலாக இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு 13 கூடிக்கொள்ளும். ஃபைல் போய்ச் சேரும், சைஸும் ஏறக்குறையச் சரியாக இருக்கும், திறந்தால் எக்ஸ்ரேயில் விலா எலும்புக்குக் குறுக்கே சாய்ந்த கோடுகள். 'ஏறக்குறைய' என்பதை நாங்கள் சைஸ் பார்க்கும்போது ஒருபோதும் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். ஒரு பைட் கூடினாலும் அது வேறு ஃபைல்.

பிஎன்ஜி படங்களை வடிவமைத்தவர்கள் இந்தத் துன்பத்தை நன்றாக அறிந்திருந்தார்கள். எந்த பிஎன்ஜி ஃபைலை எடுத்தாலும் முதல் எட்டு பைட்டுகள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்றே இருக்கும். நடுவில் 13, 10 என்று ஜோடியாகவும் கடைசியில் 10 தனியாகவும் வைத்தது திட்டமிட்டுத்தான். வழியில் யாராவது வரி முடிவுகளைத் தொட்டிருந்தால் இந்த எட்டில் ஏதாவது ஒன்று மாறிவிடும், படத்தைத் திறக்கும் நிரல் வாசலிலேயே கண்டுபிடித்துவிடும். தான் சேதமாகாமல் வந்ததற்கான அத்தாட்சியை ஒரு ஃபைல் தன் நெற்றியிலேயே சுமந்து வருகிறது. இந்த எட்டு எண்களைப் போர்டில் எழுதிப் புதியவர்களுக்கு விளக்குவது எனக்கு எப்போதும் மகிழ்ச்சியான வேலை.

படம் கெட்டால் கண்ணுக்குத் தெரியும். பாதி ஃபைல் அப்படி இல்லை. என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் அஞ்ச வேண்டியது அதற்குத்தான். வராத ஃபைலை யாராவது கேட்பார்கள். பாதியில் நின்ற ஃபைலோ வந்ததாகக் கணக்கில் சேர்ந்துவிடும்.

இது நடக்கிற விதத்தைச் சொல்கிறேன். சர்வரில் ஒரு ஃபோல்டரை ஒரு நிரல் நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஃபைல் தென்பட்டால் எடுத்து அடுத்த கட்டத்துக்கு அனுப்பிவிடும். 400 எம்பி ஃபைல் ஒன்று 10 எம்பிபிஎஸ் லைனில் ஏற ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். ஏறிக்கொண்டிருக்கும்போதே பெயர் ஃபோல்டரில் தெரியும். எட்டிப் பார்க்கிற நிரல் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஜிப் ஃபைலாக இருந்தால் தப்பித்தோம். ஜிப்பில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் ஃபைலின் கடைசியில்தான் இருக்கிறது. பாதி ஜிப்பில் அந்தப் பட்டியல் இருக்காது, திறக்கவே திறக்காது, உடனே சத்தம் வரும். ஆனால் வரிவரியாக இருக்கிற சாதாரண எழுத்து ஃபைல் பாதியில் வெட்டுப்பட்டாலும் அழகாகத் திறக்கும். பன்னிரண்டாயிரம் பேருக்குப் பணம் போட வேண்டிய பட்டியலில் ஒன்பதாயிரம் பேரோடு ஃபைல் முடிந்திருந்தால், படிக்கிற நிரலுக்கு அதில் குறை எதுவும் தெரியாது. மீதி மூவாயிரம் பேர் வீட்டில்தான் தெரியும். அதனால்தான் பணம் சம்பந்தப்பட்ட ஃபைல்களில் கடைசி வரியில் மொத்தப் பதிவுகள் எத்தனை, மொத்தத் தொகை எவ்வளவு என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. அந்த வரி இல்லாத ஃபைலைத் தொடவே கூடாது என்பதில் எங்களுக்குள் வாதம் இருந்ததில்லை.

மருந்து எளியது. வேறொரு தற்காலிகப் பெயரில் ஏற்றி, முழுதும் ஏறியபின் சரியான பெயருக்கு மாற்ற வேண்டும். ஒரே டிஸ்க் பகுதிக்குள் பெயர் மாற்றுவது ஒரே நொடியில், ஒரே செயலாக நடக்கும். பாதிப் பெயர் மாற்றம் என்று ஒன்று கிடையாது. தற்காலிக ஃபோல்டர் வேறு டிஸ்கில் இருந்தால் மட்டும் இது பலிக்காது. அங்கே 'பெயர் மாற்றம்' என்பது உள்ளுக்குள் மறுபடி ஒரு காப்பி, பழைய ஆபத்து அப்படியே திரும்பி வரும். இதைக் கவனிக்காமல் அமைத்த இடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆர்சிங்க் நிரல் இந்தப் பழக்கத்தை இயல்பாகவே கொண்டிருக்கிறது. புள்ளியில் தொடங்கும் மறைவுப் பெயரில் எழுதி, முடிந்ததும் உண்மைப் பெயருக்கு மாற்றும்.

ஆர்சிங்க்கைப் பற்றி நன்றியோடு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் 1996-இல் வெளியிட்டது. இரண்டு பக்கமும் ஏற்கெனவே இருக்கிற ஃபைலைத் துண்டு துண்டாகக் கணக்கிட்டு ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் அனுப்புகிற முறை அது. மெதுவான லைன் வைத்திருந்தவர்களுக்கு அது வாழ்வு கொடுத்தது. ஆனால் அதில் 'டிலீட்' என்று ஒரு ஆப்ஷன் உண்டு: மூலத்தில் இல்லாததைச் சேருமிடத்திலும் அழித்துவிடும். மூல டிஸ்க் மவுன்ட் ஆகாமல் ஃபோல்டர் காலியாக இருக்கிற ஒரு நாளில் அந்தக் கட்டளை ஓடினால், காலி ஃபோல்டரைத்தான் அது உண்மை என்று எடுத்துக்கொள்ளும். எதிர்ப்பக்கத்தில் இருந்த அத்தனையும் போகும். எத்தனை ஃபைலுக்கு மேல் அழிக்கக் கூடாது என்று வரம்பு வைக்கவும் அதிலேயே வழி இருக்கிறது. எதையும் செய்யாமல் என்ன செய்வேன் என்று மட்டும் சொல்லச் சொல்லும் ஒத்திகை ஓட்டமும் இருக்கிறது. அந்த வரம்பில்லாமல் டிலீட் ஆப்ஷனைத் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்டில் வைப்பதை நான் அனுமதித்ததில்லை.

வேகத்தைப் பற்றிய சண்டை எல்லா அலுவலகத்திலும் ஒரே மாதிரிதான் வரும். "நூறு எம்பிபிஎஸ் லைனுக்குக் காசு கட்டுறோம். ஒரு எம்பி கூட வரலையே சார்?" என்று மேலாளர் கேட்பார். முதலில் பிட்டையும் பைட்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும்: நூறு எம்பிபிஎஸ் என்பது நொடிக்குப் பன்னிரண்டரை எம்பி. அதற்கும் கீழே போவதற்குக் காரணம் பெரும்பாலும் தூரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் லண்டனுக்கும் நேர்க்கோட்டிலேயே எண்ணாயிரம் கிலோமீட்டருக்கு மேல். போய் வர 80 மில்லிசெகண்டுக்குக் குறைய வழியே இல்லை. கேபிள் சுற்றிப் போகிற வழியில் அது இரண்டு மடங்காகிவிடும். அமெரிக்கா என்றால் 200 தாண்டும். பழைய டிசிபி அமைப்பில் 64 கேபி அனுப்பியதும் எதிர்ப்பக்கத்திலிருந்து 'கிடைத்தது' என்ற பதில் வரும்வரை நிற்க வேண்டும். 200 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை 64 கேபி என்றால் நொடிக்கு 320 கேபிதான். லைன் நூறானாலும் ஆயிரமானாலும் இதே கணக்கு. இந்த வரம்பைத் தளர்த்தும் வழியை 1992-லேயே எழுதிவிட்டார்கள். ஆனால் நடுவில் இருக்கிற பழைய ஃபயர்வால் ஒன்று, வரம்பைத் தளர்த்தக் கேட்கும் குறிப்பை நீக்கிவிட்டால், நாம் மீண்டும் 64 கேபிக்கே வந்து நிற்போம். அப்படி ஒரு ஃபயர்வாலைக் கண்டுபிடித்து மாற்றிய அன்று, லைனைப் பெரிதாக்காமலே டிரான்ஸ்ஃபர் நேரம் பாதிக்கும் கீழே இறங்கியது.

சின்ன ஃபைல்கள் இன்னொரு வேதனை. ஐம்பதாயிரம் துண்டு ஃபைல்களை ஒவ்வொன்றாக அனுப்பினால், ஒன்றுக்கு ஒரே ஒரு போய்வரும் நேரம் மட்டும் வைத்தாலும் 200 மில்லிசெகண்டில் அதுவே மூன்று மணி நேரத்தை நெருங்கும், ஒரு எழுத்துகூடப் போவதற்கு முன். கட்டி ஒரே ஃபைலாக அனுப்பினால் அந்தச் செலவு இல்லை. அதற்கு மாறாக, அளவு மிகப் பெரிதாகும்போது லைனையே மறந்துவிட வேண்டும். இரண்டு டிபி சேமிப்பு 10 எம்பிபிஎஸ் லைனில் போக, ஒரு முறை கூட அறுபடாவிட்டாலும், பதினெட்டு நாளுக்கு மேலாகும். ஹார்டு டிஸ்கில் எழுதிக் கூரியரில் அனுப்பினால் மூன்றாம் நாள் கையில் இருக்கும். 2017 ஏப்ரலில் கருந்துளையைப் படம் எடுக்க உலகெங்கும் தொலைநோக்கிகள் பதிவு செய்த தரவும் ஹார்டு டிஸ்க்குகளில் விமானம் ஏறித்தான் போனது. தென்துருவத்து டிஸ்க்குகள் அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் பறக்கும்வரை காத்திருந்தன.

2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்தன. ஒன்று சீ-மீ-வீ 4, மற்றது ஃபிளாக். இந்தியாவிலிருந்து மேற்கே போகிற போக்குவரத்து பெருமளவில் நெரிந்து, கிழக்கே சிங்கப்பூர் வழியாகப் பசிபிக்கைச் சுற்றிப் போக ஆரம்பித்தது. லண்டனுக்கு அனுப்புகிற எங்களுக்கு அது நேரடி அடி. லைன் உயிரோடுதான் இருந்தது; தாமதம் ஏறி, ஏற்றும் ஃபைல்கள் நடுவில் தொங்கித் தொங்கி அறுந்தன. அந்த நாட்களில் செய்தது இதுதான். எக்ஸ்எம்எல்லும் ப்ரூஃபும் முதலில், அச்சுக்கான பெரிய படங்கள் நள்ளிரவுக்குப் பின். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இல்லாத கணக்குகளுக்கு ஃபைலைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, துண்டு ஒவ்வொன்றுக்கும் செக்சம் எழுதி அனுப்பினோம். எந்தத் துண்டு சேரவில்லை என்று லண்டனில் இருந்தவர் போனில் வாசிக்க, அதை மட்டும் மறுபடி ஏற்றுவோம். லைன் நன்றாக இருந்தபோது பழகிய கணக்கெழுத்து, லைன் கெட்டபோது காப்பாற்றியது. அந்த வாரம் எந்த இதழின் வெளியீட்டுத் தேதியும் எங்களால் தள்ளிப்போகவில்லை.

கடிகாரமும் ஒரு தொல்லை. லண்டனில் மாலை ஐந்து மணி என்பது குளிர்காலத்தில் நமக்கு இரவு பத்தரை, கோடையில் ஒன்பதரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறும். மார்ச் ஞாயிறன்று அதிகாலை ஒன்றிலிருந்து இரண்டு மணிவரை என்ற நேரமே அங்கே இல்லை. ஒன்றரைக்கு ஓட வேண்டும் என்று எழுதிய வேலை ஓடாமலே போகலாம். சர்வர்களை உலகப் பொது நேரமான யுடிசியில் வைத்துவிட்டு, மனிதர்களுக்குக் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக மாற்றுவதுதான் சரி.

இனி கண்காணிப்பு. எல்லோரும் முதலில் செய்வது, ஒரு டிரான்ஸ்ஃபர் தோற்றால் மெயில் வர வைப்பது. அது வேண்டியதுதான். ஆனால் தோற்பதற்கு முதலில் அது ஓட வேண்டுமே. சர்வரை ரீஸ்டார்ட் செய்தபின், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் எழவே இல்லை. தொண்ணூறு நாள் கெடு முடிந்து பாஸ்வேர்டு சனிக்கிழமை காலாவதியாகிவிட்டது. யாரோ சோதனைக்காக ஒரு வரியை முடக்கிவிட்டு மறந்துபோனார்கள். எதிர்ப்பக்கத்தில் அனுப்பவே இல்லை. இவற்றில் எர்ரர் என்று எதுவும் எழாது, மெயிலும் வராது. அறை அமைதியாக இருக்கும். அந்த அமைதியை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளும் இடங்களில்தான் பெரிய இழப்புகள் நடக்கின்றன.

நாங்கள் வைத்திருந்த முறை, வர வேண்டியவற்றின் பட்டியல். எந்த வாடிக்கையாளர், எந்தக் கிழமை, என்ன பெயர் அமைப்பில், எத்தனை மணிக்குள், குறைந்தபட்சம் எந்த அளவில். முதலில் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையில் இருந்தது, பிறகு டேபிளாக மாறியது. கெடு நேரம் வந்ததும் ஒரு ஸ்கிரிப்ட் சேருமிடத்தில் போய்ப் பார்க்கும். பட்டியலில் இருந்து ஃபோல்டரில் இல்லாதது எதுவோ அதற்குத்தான் மணி அடிக்கும். விடுமுறை நாளில் ஒன்றுமே வராமல் இருப்பது சரிதான், ஆனால் ஒன்றுமில்லை என்பதற்கும் கோளாறு என்பதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். அதனால் அனுப்புகிறவர்களிடம் கேட்டுக்கொண்டோம்: அனுப்ப எதுவும் இல்லாத நாளில், பதிவு எண்ணிக்கை பூஜ்யம் என்று எழுதிய ஒரு ஃபைலை அனுப்புங்கள். இதை ஒப்புக்கொள்ள வைக்கப் பல மாதம் பேச வேண்டியிருந்தது. ஒப்புக்கொண்டபின் நள்ளிரவில் ஒருவரை ஒருவர் போன் போட்டு எழுப்புவது வெகுவாகக் குறைந்தது.

வரிசையில் எத்தனை ஃபைல் நிற்கிறது என்று பார்ப்பதும் போதாது. நானூறு ஃபைல் நின்றாலும் ஓடிக்கொண்டிருந்தால் கவலையில்லை. நான்கே நான்கு நின்று, அவற்றில் மூத்தது மூன்று மணி நேரமாக நகராமல் இருந்தால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். திரையில் ஒரே எண் காட்ட இடம் கொடுத்தால், நான் வரிசையில் மிகப் பழைய ஃபைலின் வயதைத்தான் காட்டச் சொல்வேன்.

'வெற்றி' மெயில்களை நிறுத்துங்கள் என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் 'நலமாகச் சேர்ந்தது' என்று மெயில் வந்தால், ஒரு வாரத்தில் எல்லோரும் அதைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிடுவார்கள். தோல்வி மெயிலும் அதோடு சேர்ந்து போய்விடும். மெயில் வந்து சேரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, தொலைவில் சேமிக்க வேண்டிய காப்புப் பிரதிகளைத் தேடினார்கள். இடம் காலியாக இருந்தது. பிரதி எடுக்கும் நிரலின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயில்கள் அனுப்பப்பட்டன. பெறும் மெயில் சர்வர் அவற்றை ஏற்காமல் தள்ளிவிட்டது. ஆறு மணி நேரத்துக்கு முந்தைய வேறொரு நகல் தற்செயலாக இருந்ததால் மீண்டார்கள். இத்தனையையும் அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்தார்கள். அந்த அறிக்கையை நான் ஒவ்வொரு புதிய அணியோடும் உட்கார்ந்து படித்திருக்கிறேன். ஆகவே கண்காணிக்கிற நிரல், கண்காணிக்கப்படுகிற மெஷினில் இருக்கவே கூடாது. வேறு இடத்தில் இருக்கும் ஒன்று இதனிடமிருந்து குறித்த நேரத்துக்கொரு முறை 'இருக்கிறேன்' என்ற குறிப்பை எதிர்பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் கூப்பிட வேண்டும்.

அந்தக் கூப்பாட்டின் வாசகத்தையும் கவனமாக எழுத வேண்டும். "ஆர்சிங்க் தோல்வி, குறியீடு 23" என்று இரவு இரண்டு மணிக்கு வந்தால் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவர் என்ன செய்வார்? 23 என்றால் சில ஃபைல்கள் போகவில்லை, 24 என்றால் அனுப்பத் தொடங்கியபின் மூலத்திலேயே சில ஃபைல்கள் மறைந்துவிட்டன. முன்னது பெரும்பாலும் அனுமதிக் கோளாறு, பின்னது பெரும்பாலும் ஆபத்தில்லை. இது ஷிஃப்ட்டில் இருக்கிற பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்க வேண்டியதில்லை. "லண்டனிலிருந்து இரவு 10.30-க்குள் வர வேண்டிய திருத்தத் தொகுப்பு வரவில்லை. கடைசியாக வந்தது நேற்று 10.12. முதலில் டிஸ்கில் இடம் இருக்கிறதா பார், பிறகு லாகின் ஆகிறதா பார், இரண்டும் சரி என்றால் அவர்களைக் கூப்பிடு" என்று தமிழிலேயே எழுதி வைத்தோம். எழுதிய நாள் முதல் எனக்கு வருகிற இரவு அழைப்புகள் குறைந்தன, பிள்ளைகளுக்குத் தைரியமும் வந்தது.

தமிழ்ப் பதிப்பகத்தின் சேமிப்பை மேக்கிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு மாற்றியபோது வேறொரு சிக்கல் வந்தது. நம் மொழிக்கே உரியது என்பதால் விரிவாகச் சொல்கிறேன். மாற்றி முடித்ததும், 'பொன்னி' என்பது போன்ற பெயருள்ள ஃபைல்கள் மட்டும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. எழுத்துக்கு எழுத்து அதே பெயர். 'கவிதை', 'சிறுகதை' எல்லாம் ஒன்றுதான் இருந்தன. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். பழைய மேக் ஃபைல் அமைப்பு பெயர்களைப் பிரித்தே வைத்துக்கொள்ளும். லினக்ஸ் கொடுத்த பைட்டுகளை அப்படியே எழுதும். அங்கே ஏற்கெனவே விண்டோஸிலிருந்து சேர்த்த வடிவில் போயிருந்த 'பொன்னி' ஒன்று, மேக்கிலிருந்து பிரித்த வடிவில் வந்த 'பொன்னி' இன்னொன்று. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றிலும் இது நேரும். ஆர்சிங்க்கில் பெயரின் குறியாக்கத்தை வழியில் மாற்றித் தர ஒரு ஆப்ஷன் உண்டு, அதை வைத்துச் சரிசெய்தோம்.

அதே வேலையில் சில ஃபைல்கள் 'பெயர் மிக நீளம்' என்று ஏற மறுத்தன. லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் வரம்பு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். ஆக 85 குறிகள்தான் கொள்ளும், 'கொ' என்பதற்கே குறைந்தது இரண்டு குறிகள். மேக்கும் விண்டோஸும் பைட்டை எண்ணாமல் குறிகளை எண்ணுவதால், நூலின் முழுத் தலைப்பு, ஆசிரியர், பதிப்பு எல்லாம் சேர்த்து வைத்த பெயர் அங்கே நிம்மதியாக இருந்திருக்கிறது. நம் ஊரில் பழைய நூல்களை ஸ்கேன் செய்து சேமிக்கிறவர்கள் இதைத் தொடக்கத்திலேயே மனதில் கொள்ள வேண்டும். பெயரில் குறுகிய எண் இருக்கட்டும், விவரம் தனிப் பட்டியலில் இருக்கட்டும்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு சொல்லி முடிக்கிறேன். எஸ்எஸ்எச் வழியாக ஒரு சர்வரில் நுழையும்போது, அதன் சாவி முன்பு பார்த்ததோடு ஒத்துப்போகவில்லை என்றால் திரை நிறைய எச்சரிக்கை வரும். பழைய வரியை அழித்துவிட்டு மறுபடி நுழைவதுதான் பலருடைய கைப்பழக்கம். எதிர்ப்பக்கத்தில் உள்ளவரைப் போனில் கூப்பிட்டு, சர்வரை மாற்றினீர்களா, புதிய சாவியின் ரேகை என்ன என்று கேட்டுச் சரிபார்க்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டாவது, சேர்ந்துவிட்ட ஃபைலை இடைவழிச் சர்வரிலிருந்து நீக்குவது. 2023 மே மாதம் மூவ்இட் என்ற டிரான்ஸ்ஃபர் மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக க்ளாப் என்ற கும்பல் நுழைந்து, உலகெங்கும் ஏராளமான நிறுவனங்களின் ஃபைல்களை அள்ளிச் சென்றது. இத்தகைய சர்வர்களில் போய்ச் சேர்ந்து வேலை முடிந்த ஃபைல்களும் மாதக்கணக்கில் கிடப்பதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். இடைவழியில் எதுவும் தங்கக் கூடாது. எதிர்ப்பக்க ஒப்புகை வந்ததும் நீக்கிவிட வேண்டும்.

உங்கள் அலுவலகத்திலிருந்தும் இன்றிரவு ஏதோ ஒரு காப்புப் பிரதி எங்கோ ஒரு சர்வருக்குப் போய்க்கொண்டிருக்கும். நாளை காலை அந்தச் சர்வருக்குள் சென்று, நேற்றைய தேதியிட்ட ஃபைல் ஒன்றை இறக்கி, திறந்து, உள்ளே இருப்பதைக் கண்ணால் பாருங்கள். மாதம் ஒரு முறையாவது இதைச் செய்கிறவர் யார் என்று உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள். யாரும் இல்லை என்றால் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.